ஒரு கிணறும் பல கைகளும்: மின்சுற்றுக் கணிப்பு வேகம் எடுத்த வரலாறு

 

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளை உயர்தரத்தில் கணிதமோ தொழினுட்பமோ படிக்க விட்டிருக்கும் பெற்றோர் ஆறுதலாக இருந்து வாசியுங்கள். ஒருங்கமை சமன்பாடு, தாயம் என்று நாங்கள் கரும்பலகையில் எழுதத் தொடங்கினால், "இது வாழ்க்கையில எதுக்கு?" என்ற கேள்வி பின்வாங்கிலிருந்து தவறாமல் வரும். அதற்கு எங்களிடம் இருக்கும் நல்ல பதில்களில் ஒன்று இந்த வரலாறு. இதில் தமிழ்ப் பெயர்கள் உண்டு. எங்கள் குடாநாடு இருட்டில் கிடந்த காலமும் உண்டு.

முதலில் விஷயத்தை விளங்கிக்கொள்வோம். கையில் இருக்கும் போனுக்குள் ஒரு சிப் இருக்கிறது. அதில் கோடிக்கணக்கான திரான்சிற்றர்கள். அதைச் செய்து பார்த்துப் பிழை கண்டு திருத்துவது நடக்காத காரியம். ஒரு தடவை செய்து பார்க்கவே பெருஞ்செலவு, மாதக்கணக்கில் காத்திருப்பு. ஆகவே செய்வதற்கு முன்னரே, எந்தக் கணத்தில் எந்த இடத்தில் எத்தனை வோல்ற்று இருக்கும் என்று கணினியில் கணித்துப் பார்க்கிறார்கள். இதுதான் மின்சுற்றுக் கணிப்பு.

கணிப்பின் அடிப்படை நாங்கள் வகுப்பில் படிப்பிக்கும் கேர்ச்சோவின் விதிதான். ஒரு சந்திக்குள் வரும் ஓட்டமும் வெளியேறும் ஓட்டமும் சமன். ஒவ்வொரு சந்திக்கும் ஒரு சமன்பாடு. மூன்று சந்தி என்றால் மூன்று சமன்பாடு, கொப்பியில் செய்துவிடலாம். ஆயிரம் சந்தி என்றால் ஆயிரம் சமன்பாடு, ஆயிரம் வரிசையும் ஆயிரம் நிரலும் கொண்ட தாயம். அதோடு முடியவில்லை. தடையி ஓமின் விதிக்கு அடங்கி நேர்கோட்டில் நடக்கும். திரான்சிற்றர் அப்படி நடக்காது. ஆகவே ஒரு விடையை ஊகித்து, அந்த இடத்தில் வளைகோட்டை நேர்கோடாக எடுத்து, சமன்பாட்டைத் தீர்த்து, வந்த விடையை வைத்துத் திரும்ப ஊகித்து, விடை அசையாமல் நிற்கும்வரை செய்யவேண்டும். நியூற்றனின் முறை இது. ஒரு கணத்துக்கு இத்தனை வேலை. பிறகு நேரத்தை ஒரு நூலிழை நகர்த்தி அடுத்த கணம். இப்படி ஆயிரக்கணக்கான, இலட்சக்கணக்கான கணங்கள்.

இதற்கான மென்பொருளின் வரலாறு அமெரிக்காவின் பேர்க்லியில், கலிபோர்னியாப் பல்கலைக்கழக வகுப்பறை ஒன்றில் தொடங்குகிறது. 1969-70 காலத்தில் ரொன் ரோரர் என்ற ஆசிரியர் தன் மாணவர்களைக் கொண்டு ஒரு நிரலை எழுதுவித்தார். அதன் பெயர் 'கான்சர்'. விபரீதமான பெயர்தான், அதில் ஒரு குத்தலும் இருந்தது. 'கதிர்வீச்சு நீங்கலாக' என்ற பொருள் வரும்படி அந்தப் பெயரைக் கோத்திருந்தார்கள். பனிப்போர்க் காலம் அது. பாதுகாப்புத் துறைப் பணத்தில் எழுதப்பட்ட நிரல்கள், அணுக்கதிர் பட்டால் மின்சுற்று என்னாகும் என்றும் கணிக்கவேண்டியிருந்தது. "எங்களுக்கு அந்தச் சோலி வேண்டாம்" என்று மாணவர்கள் பெயரிலேயே சொல்லிவிட்டார்கள்.

அந்த மாணவர்களில் ஒருவர் லோரன்ஸ் நேகல். அடுத்து அவருக்கு வழிகாட்டிய பேராசிரியர் டொனால்ட் பீடர்சன் ஒரு நிபந்தனை வைத்தார்: நிரல் எல்லாருக்கும் பொதுவாக இருக்கவேண்டும், பூட்டிவைக்கக் கூடாது. திருத்தி எழுதப்பட்ட நிரலுக்கு 'ஸ்பைஸ்' என்று பெயர் வைத்தார்கள். 1973 ஏப்ரலில் கனடாவின் வாட்டர்லூவில் நடந்த மாநாட்டில் அது அறிமுகமானது. 1975இல் ஸ்பைஸ் 2 வந்தது. கேட்டவர்களுக்குக் காந்த நாடாவில் பதிந்து கொடுத்தார்கள். கொண்டுபோனவர்கள் பிழைகளைக் கண்டு சொன்னார்கள், நிரல் தேறியது. இன்று உலகில் புழங்கும் மின்சுற்றுக் கணிப்பு மென்பொருள்களில் மிகப் பல அந்த நாடாவின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். பீடர்சனின் அந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் இந்தப் பதிவின் கடைசிப் பகுதியை எழுத எங்களுக்கு வழியிருந்திராது.

இனி வேகத்துக்கு வருவோம். ஸ்பைஸ் செய்யும் வேலையில் இரண்டு பெரும் பங்குகள். ஒன்று, ஒவ்வொரு திரான்சிற்றராக எடுத்து "இந்த வோல்ற்றளவில் உன் ஓட்டம் எவ்வளவு?" என்று கணிப்பது. இரண்டாவது, எல்லாவற்றையும் தாயத்தில் போட்டுச் சமன்பாடுகளைத் தீர்ப்பது.

இணுவிலாருக்கு இதை விளக்கப் புகையிலைத் தோட்டமே போதும். பம்ப் வருவதற்கு முந்திய துலாக் காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கன்று நடுவது ஒரு வேலை. பத்துப் பேர் இறங்கினால் பத்து வரிசையில் ஒரே நேரத்தில் நடலாம். ஒருவர் மற்றவரைப் பார்த்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை. திரான்சிற்றர்களைக் கணிப்பது இந்த மாதிரி. தண்ணீர் இறைப்பு வேறு. துலா மிதிக்க ஆள், பட்டை பிடிக்க ஆள், பாத்தியில் தண்ணீர் மாற ஆள். பட்டை மேலே வந்தால்தான் வாய்க்காலில் தண்ணீர்; முதல் பாத்தி நிறைந்தால்தான் அடுத்த பாத்தி. தண்ணீர் மாற இருபது பேரைக் கூட்டிவந்து நிறுத்தினாலும் தோட்டம் சீக்கிரம் நனையாது. தாயத்தைத் தீர்ப்பது இந்த மாதிரி. ஒரு வரியின் விடை வந்தால்தான் அடுத்த வரியைத் தொடலாம்.

இதை 1967இலேயே ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜீன் அம்டால் கணக்காகச் சொல்லிவிட்டார். ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். மொத்த வேலை 100 நிமிடம். அதில் 80 நிமிடம் நடுகை, 20 நிமிடம் இறைப்பு. நான்கு பேர் வந்தால் நடுகை 20 நிமிடமாகும், இறைப்பு அதே 20, மொத்தம் 40. இரண்டரை மடங்கு வேகம். பதினாறு பேர் வந்தால் நடுகை 5, இறைப்பு 20, மொத்தம் 25. நான்கு மடங்கு. ஊரே திரண்டு வந்தாலும் 20 நிமிடத்துக்குக் கீழே இறங்காது. ஐந்து மடங்கோடு கதை முடிந்தது. இன்னொரு சிக்கலும் உண்டு: மின்சுற்று பெரிதாகப் பெரிதாக, நடுகை வேலை கன்றுகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூடும், தாயத்தின் வேலை அதைவிட வேகமாகக் கூடும். தோட்டம் வளர வளரக் கிணறு ஒடுங்கிக்கொண்டே போவதுபோல.

1980களில் ஒரே நினைவகத்தைப் பல புறொசெசர்கள் பகிரும் கணினிகள் ஆய்வுகூடங்களுக்கு வந்தன. மின்சுற்றுக் கணிப்பை அவற்றில் பிரித்துப் போட முடியுமா என்று பலர் முயன்றார்கள். 1982இல் பேர்க்லியிலிருந்து ஒரு வழி வந்தது. லெலராஸ்மி, ருவேலி, சான்ஜொவானி-வின்சென்டெல்லி என்ற மூவரின் யோசனை அது: மின்சுற்றைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டையும் முழு நேரத்துக்கும் தனியே தீர்த்து, விடைகளை ஒன்றோடொன்று மாற்றி, பொருந்தும்வரை திரும்பத் திரும்பச் செய்வது. துண்டுகளுக்கிடையே தொடர்பு குறைவாக இருந்தால் நன்றாக ஓடும். ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கும் சுற்றுகளில் விடை பொருந்தவே நெடுநேரம் எடுக்கும்.

நேரடியாகக் கிணற்றிலேயே கை வைத்தவர்களில் இரண்டு தமிழ்ப் பெயர்கள். பி. சதயப்பன், வி. விஸ்வநாதன். சதயப்பன் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவில் கலாநிதிப் பட்டம் பெற்று, ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர். விஸ்வநாதன் பெல் ஆய்வுகூடத்தில் இருந்தவர். 1988 டிசம்பரில் ஐ.ஈ.ஈ.ஈ. அமைப்பின் கணினி ஆய்விதழில் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையின் தலைப்பே இந்தப் பதிவின் விஷயம்தான்: நினைவகத்தைப் பகிரும் பல புறொசெசர்களில் மின்சுற்றுக் கணிப்பு. மேசையில் ஒரு கோர் கணினிகூடப் பலருக்குக் கிடைக்காத காலத்தில் எழுதியது.

அவர்கள் காலத்தில் எல்லாரும் முட்டிக்கொண்ட ஒரு சிக்கலைச் சொன்னால் உங்களுக்கு உடனே விளங்கும். சங்கக்கடையில் இரண்டு பேர் ஒரே கணக்குக் கொப்பியில் எழுதுகிறார்கள் என்று வையுங்கள். சீனி இருப்பு 50 கிலோ. ஒருவர் 50 என்று பார்த்து, 2 கிலோ கொடுத்து, 48 என்று எழுதப் போகிறார். அதே நேரம் மற்றவரும் 50 என்று பார்த்து, 3 கிலோ கொடுத்து, 47 என்று எழுதுகிறார். உண்மையான இருப்பு 45. கொப்பியில் 47 அல்லது 48. யாரும் களவெடுக்கவில்லை, யாரும் பிழையாகக் கழிக்கவில்லை. ஆனாலும் கணக்குப் பிழை. ஒரே சந்தியில் தொடுக்கப்பட்ட இரண்டு திரான்சிற்றர்களை இரண்டு புறொசெசர்கள் கணித்து, தாயத்தின் ஒரே கட்டத்தில் கூட்டும்போது இதுதான் நடக்கும். கொப்பிக்குப் பூட்டுப் போடலாம். ஒருவர் எழுத மற்றவர் காத்து நிற்பார். அல்லது ஆளுக்கொரு துண்டில் எழுதிப் பின்னர் ஒருவர் சேர்க்கலாம். பூட்டு அதிகமானால் காத்திருப்பு அதிகம், துண்டு அதிகமானால் சேர்ப்பு வேலை அதிகம். பல கோர் நிரல் எழுதும் எவரும் இன்றும் இந்த இரண்டுக்கும் நடுவேதான் நடக்கிறார்கள்.

காத்திருப்பைப் பற்றி இணுவில் தவில்காரருக்கு எவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. நான்கு தவில் நின்றாலும் தீர்மானத்துக்கு எல்லாரும் ஒரே அடியில் வந்து சேரவேண்டும். கணினியிலும் அப்படித்தான், எல்லாக் கோர்களும் தங்கள் பங்கை முடித்தால்தான் அடுத்த சுற்று. மூன்று பேர் முடித்துவிட்டு நின்றாலும், நாலாமவர் முடிக்கும் நேரம்தான் எல்லாருடைய நேரம்.

இந்த இடத்தில் ஊர்ப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 1990 நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. அது வருடக்கணக்காக வரவில்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி றேடியோ கேட்டார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்களான நாங்கள் வெளியேற்றப்பட்டோம். ஒரு தலைமுறை புத்தளத்து அகதி முகாம்களில் வளர்ந்தது. ஆக, உலகம் சமாந்தரக் கணிப்பைக் கற்றுக்கொண்டிருந்த அந்தப் பத்தாண்டில், இங்கிருந்தவருக்கும் கரண்ட் இல்லை, போனவருக்கும் கூரை இல்லை. இழந்தது வீடும் காணியும் மட்டுமல்ல. கணினி என்ற ஒன்றைத் தொட்டுப் பழகவேண்டிய வயதையும் எங்கள் பிள்ளைகள் இழந்தார்கள்.

அதே நேரத்தில் யாழ்ப்பாணத்தவர் ஒருவர் கடல் கடந்து இதே துறைக்குப் பக்கத்துக் காணியில் உழுதுகொண்டிருந்தார். பேராசிரியர் எஸ். ரட்ணஜீவன் ஹூல். யாழ் பரியோவான் கல்லூரியில் படித்து, கட்டுபெத்தையில் பொறியியல் கற்று, 1982இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். அவருடைய துறை மின்காந்தப் புலக் கணிப்பு: மோட்டார் போன்ற கருவிகளுக்குள் காந்தப்புலம் எப்படி ஓடும் என்று கணிப்பது. அங்கும் முடிவில் வந்து நிற்பது பெரும்பாலும் பூச்சியங்களால் நிறைந்த பெரிய தாயம்தான். 1991இல் ஐ.ஈ.ஈ.ஈ. காந்தவியல் ஆய்விதழில், கருவிகளை உகந்த வடிவுக்குக் கொண்டுவரச் சமாந்தரக் கணினிகளைப் பயன்படுத்துவது பற்றி எழுதினார். 1995இல் ஐ.ஈ.ஈ.ஈ. அவரைத் தன் உயர் உறுப்பினராக்கியது. ஊரில் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்த ஆண்டில், ஊரவர் ஒருவர் அதை எழுதினார். இங்கு மூளைக்குப் பஞ்சம் இருக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

2004 வரைக்கும், பெரும்பாலான நிரல் எழுதுபவர்களுக்கு இந்தத் தலையிடியெல்லாம் தேவைப்படவில்லை. இரண்டு வருடம் பொறுத்தால் இன்னும் வேகமான புறொசெசர் வரும், பழைய நிரல் தானாகவே வேகமாக ஓடும். ஆனால் வேகத்தைக் கூட்டக் கூட்டச் சிப் கொதித்தது. பென்ரியம் 4 புறொசெசர் 3.8 கிகாஹேர்ட்சோடு நின்றது. அடுத்து வரவிருந்த வடிவத்தை இன்டெல் 2004 மே மாதத்தில் கைவிட்டது. 2005இல் ஒரே சிப்பில் இரண்டு கோர் வைத்த புறொசெசர்கள் சாதாரண மேசைக் கணினிகளுக்கு வந்தன. பலசாலி ஒருவருக்குப் பதிலாகச் சாதாரண பலமுள்ள இருவர், பிறகு நால்வர். பிரித்துக் கொடுக்கத் தெரியாத நிரல், எத்தனை கோர் இருந்தாலும் ஒன்றில் ஓடிக்கொண்டு மற்றவற்றைச் சும்மா வைத்திருக்கும்.

இந்த நேரத்தில் கிணற்றுப் பக்கம் ஒரு பெரிய முன்னேற்றம் வந்தது. 2005இல் அமெரிக்காவின் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் ஏகநாதன் பாலமடை நடராஜன் என்ற மாணவர், பேராசிரியர் டிம் டேவிஸின் வழிகாட்டலில் முதுநிலை ஆய்வாக ஒரு நிரலைக் கொண்டுவந்தார். பெயர் 'கே.எல்.யூ.'. மின்சுற்றுத் தாயங்களுக்கென்றே செய்தது. 'சூப்பர் எல்.யூ.' என்று முன்னரே ஒரு நிரல் இருந்தது. சூப்பர்மான் கதையில், பறக்காத நேரத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு சாதாரண மனிதனாகத் திரிபவனின் பெயர் கிளார்க் கென்ட். அந்தக் கென்டின் முதல் எழுத்துத்தான் இந்தக் 'கே'. பகிடிக்குள் ஒரு உண்மை இருந்தது: மின்சுற்றுத் தாயத்துக்குச் சூப்பர்மான் வேண்டாம், ஒழுங்காக வேலை செய்யும் சாதாரண ஆள் போதும்.

ஏன் என்று பாருங்கள். ஆயிரம் சந்தியுள்ள சுற்றின் தாயத்தில் பத்து இலட்சம் கட்டங்கள். ஆனால் ஒரு சந்தி மூன்று நான்கு சந்திகளோடுதான் தொடர்புபட்டிருக்கும். ஆக, சில ஆயிரம் கட்டங்கள் தவிர மற்றதெல்லாம் பூச்சியம். பூச்சியத்தோடு மல்லுக்கட்டாமல் இருப்பதுதான் கெட்டித்தனம். அதற்கு எந்த வரிசையில் சந்திகளை நீக்குவது என்று முதலிலேயே தீர்மானிக்கவேண்டும். மருதனார்மடச் சந்தியை முதலில் மூடினால், அதில் வந்து சேரும் ஒவ்வொரு வீதியையும் மற்ற ஒவ்வொரு வீதியோடும் புதிதாக இணைக்கவேண்டிவரும். முட்டு ஒழுங்கைகளை முதலில் மூடினால் ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லை. கே.எல்.யூ. முதலில் தாயத்தைத் தனித்தனிக் கட்டங்களாகப் பிரிக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் நல்ல வரிசையைத் தேடும். ஒரு தடவை கண்ட வரிசையை அடுத்த ஆயிரம் தடவைக்கும் பாவிக்கும். அது ஒரே கோரில்தான் ஓடியது. ஆனால் தேவையற்ற வேலையைத் தவிர்த்ததால் வேகமாக ஓடியது.

அந்த அத்திவாரத்தின் மேல்தான் பல கோர்கள் வந்தன. சீனாவின் சிங்குவா பல்கலைக்கழகத்தில் உருவான 'நிக்ஸ் எல்.யூ.', எந்த நிரல் எந்த நிரலுக்காகக் காத்திருக்கிறது என்று ஒரு மரம்போல வரைந்து, ஒன்றுக்கொன்று கடன்படாதவற்றை வெவ்வேறு கோர்களுக்குக் கொடுத்தது. 2016இல் அமெரிக்காவின் சண்டியா தேசிய ஆய்வுகூடத்தில் ஜோஷுவா பூத், சிவா ராஜமாணிக்கம், ஹைடி தோர்ன்குவிஸ்ட் மூவரும் 'பாஸ்கர்' என்ற நிரலை வெளியிட்டார்கள். அதன் உத்தியை இணுவிலில் நின்றே காட்டலாம். காங்கேசன்துறை வீதியை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டால், இணுவில் கிழக்கு வேறு, மேற்கு வேறு. கிழக்கை ஒரு கோர் தீர்க்கட்டும், மேற்கை இன்னொரு கோர் தீர்க்கட்டும். வீதியை மட்டும் கடைசியில் சேர்ந்து தீர்க்கலாம். கிழக்குக்குள்ளும் ஓர் ஒழுங்கையை ஒதுக்கி மேலும் இரண்டாக்கலாம். 1973இல் அலன் ஜோர்ஜ் சொன்ன வழி இது. கிணறு ஒன்றுதான் என்று எல்லாரும் நினைத்திருந்த இடத்தில், ஒழுங்காகப் பார்த்தால் பல கிணறு இருந்திருக்கிறது.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. சண்டியாவின் மின்சுற்றுக் கணிப்பு மென்பொருளான 'சைஸ்' 1999இல் தொடங்கியது. அந்த ஆய்வுகூடத்தின் முக்கிய பணி அமெரிக்க அணுவாயுதங்களின் பாகங்கள். 'கதிர்வீச்சு நீங்கலாக' என்று ஒதுங்கிய மாணவர்களிடம் தொடங்கிய வரலாறு, சுற்றிவந்து அணுவாயுதக் கூடத்தின் வாசலிலேயே பல ஆயிரம் கோர்களோடு நின்றது. ஆனாலும் 2013இல் சைஸையும் திறந்த மூலமாக எல்லாருக்கும் விட்டார்கள். பீடர்சனின் வழக்கம் அங்கும் தொற்றிக்கொண்டது.

இனி எங்கள் வீட்டுக் கதை. ஸ்பைஸின் நேரடி வாரிசான 'என்.ஜி.ஸ்பைஸ்' இலவசம். சில திரான்சிற்றர் மாதிரிகளுக்கு நடுகை வேலையைப் பல திரெட்களாகப் பிரித்துச் செய்யும். எத்தனை திரெட் என்று ஒரு வரியில் சொன்னால் போதும். 2023இலிருந்து கே.எல்.யூ.வும் அதற்குள் வந்துவிட்டது. பம்பாய் ஐ.ஐ.டி.யின் 'ஈசிம்' என்.ஜி.ஸ்பைஸை உள்ளே வைத்து, மின்சுற்றை வரைந்தே கணிக்க வசதி செய்கிறது, அதுவும் இலவசம். பழைய நான்கு கோர் மடிக்கணினி ஒன்று போதும்.

ஒரு செய்கை சொல்கிறோம், பிள்ளைகள் செய்து பார்க்கட்டும். நூற்றுக்கணக்கான திரான்சிற்றர் உள்ள ஒரு சுற்றை ஒரு திரெட், இரண்டு, நான்கு, எட்டு என்று ஓடவிட்டு நேரத்தைக் குறித்து வரைபு கீறுங்கள். நான்கு திரெட்டில் நான்கு மடங்கு வராது. நான்கு கோர் கணினியில் எட்டு திரெட் விட்டால் பெரிதாக ஒன்றும் கூடாது. இரண்டு கை உள்ளவருக்கு நான்கு மண்வெட்டி கொடுத்த கதைதான். பத்துப் பதினைந்து உறுப்புள்ள சின்னச் சுற்றில் திரெட் கூடினால் வேகம் குறையவும் கூடும். ஆட்களைக் கூப்பிட்டு வேலையைப் பங்குபோடும் நேரம், வேலை செய்யும் நேரத்தைவிட அதிகம். அந்த வரைபில் அம்டாலின் கணக்கை அவர்கள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். பாடப்புத்தகம் அதைவிட நன்றாகச் சொல்லாது.

பெற்றோரிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். பிள்ளை விலை கூடிய கணினி கேட்டால், கடன்பட்டு வாங்க முதல், இருக்கிற கணினியில் எது எதற்காகக் காத்து நிற்கிறது என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குப் பழைய கணினியும் நிறையச் செய்யும். அறிவியல் நகரில் எங்கள் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. தூரம் ஒன்றும் பெரிதில்லை. தாயத்தைப் பாடமாக்கி மறக்கிற பிள்ளைக்கும், அதன் வரிசையை மாற்றிப் பார்க்கிற பிள்ளைக்கும் இடையில்தான் தூரம் இருக்கிறது. 1990களில் எங்கள் பிள்ளைகளுக்கு அதை முயன்று பார்க்கக் கரண்ட் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது.

பிரயோசனம் என்று நினைத்தால் உயர்தரம் படிக்கும் பிள்ளையுள்ள ஒரு வீட்டுக்கு இதைச் சேர்த்துவிடுங்கள்.